வண்டி பார்த்துச் சொல்கிறவர்

பழைய கார் வாங்கப் போகிறவர் விடிகாலையில் போக வேண்டும். அதுவும் வண்டிக்காரர் சாவி போடுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். கொடும்பாளூர்ப் பக்கம் ‘பாய்’ என்றாலே தெரிகிற அந்த மெக்கானிக், கார் அருகே போனதும் முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு தெரிந்தால் ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். “ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க தம்பி. ஆறட்டும்.” எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த டீசல் இன்ஜின் முதல் சாவிக்கு எப்படி எழுகிறது என்பதில் பாதி ஜாதகம் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

திருச்சியிலிருந்து விராலிமலையைத் தாண்டி மதுரைப் பக்கம் போனால் வருகிற ஊர் கொடும்பாளூர். இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் பழைய தலைநகர். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயிலில் இரண்டு கோயில்கள் இன்றும் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம். சிற்பம் பார்க்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அரசர்களுக்கும் முன்பிருந்தே இது வழிப்போக்கர்களின் ஊர். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும்போது, கொடும்பையின் நெடுங்குளத்துக்கு அருகிலிருந்துதான் பாதை மூன்றாகப் பிரிகிறது என்கிறான். இன்றைக்கு 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பழைய 45பி, நான்கு வழியாக விரிந்து இந்தப் பக்கமாக ஓடுகிறது. மணப்பாறை, இலுப்பூர், துவரங்குறிச்சி என்று சுற்றுப்பட்டு ஊர்களில் கைமாறுகிற பழைய கார்களுக்கு இங்கே ஒரு தகரக்கூரைப் பட்டறையில்தான் முதல் தீர்ப்பு.

என்னை அங்கே கூட்டிப்போனவர் இலுப்பூர்ப் பக்கத்து நண்பர். பள்ளி ஆசிரியர், தீராத கார்ப் பிரியர். எந்த வண்டியில் எந்த இன்ஜின், எது எந்த வருஷம் நின்றது என்று மணிக்கணக்கில் பேசுவார். அவருடைய மைத்துனருக்கு 2014 மாடல் டிசையர் டீசல் ஒன்று படிந்துவந்தது. கேட்ட விலை 3,80,000. முதல் ஓனர், வண்டி வீட்டிலேயே நின்றது, கல்யாணம் கோயில் என்றால் மட்டும் எடுப்பார்கள் என்று புரோக்கர் சொல்லியிருந்தார்.

பானட் குளிர்ந்துதான் இருந்தது. சாவி போட்டதும் எழுந்தது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார் பாய். நீலம் வந்தால் இன்ஜின் ஆயிலைத் தின்கிறது. விடாமல் வெள்ளை வந்தால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கருப்பு வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை, இன்ஜெக்டரையோ டர்போவையோ பார்க்க வேண்டும். இந்த வண்டியில் மூன்றும் இல்லை. அடுத்து ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அதே துளை மேல் கவிழ்த்து வைத்தார். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால் உள்ளிருந்து வருகிற காற்று அந்த மூடியைத் துள்ள வைக்கும். பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். மூடி லேசாக நடுங்கியதே தவிர துள்ளவில்லை. நண்பர் முகத்தில் வெளிச்சம்.

பாய் முகத்தில் அது இல்லை. அவர் இன்ஜினை விட்டுவிட்டுக் கதவுகளுக்குப் போனார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து மூடினார். பிறகு இடது பக்கப் பின்கதவைத் திறந்து, பாதியில் நிறுத்தி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். கீல் ஆடியது. “சொந்த வண்டின்னா டிரைவர் கதவு தேயும். பின்கதவு எப்படித் தேயும்?” என்றார். கூரையின் ஓரத்தைத் தடவினார். கேரியர் மாட்டிய துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்த இடம் விரலில் சிக்கியது. வாடகைக்கு ஓடிய டி-போர்டு வண்டி, பிற்பாடு சொந்த போர்டுக்கு மாற்றப்பட்டது. ஆர்.சி. புத்தகத்தின் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது அதுவும் தெளிவானது. மீட்டர் காட்டிய 78,000 கிலோமீட்டரை அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பிரேக் பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று இருந்ததைப் பாய் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

இதற்கு மேல் அவர் பார்த்ததில் என்னைக் கட்டிப்போட்டது கதவு ரப்பரை உரித்துப் பார்த்த விதம். கம்பெனியில் தகடுகளை இணைக்கிறபோது ஸ்பாட் வெல்டிங் வட்ட வட்டமாக, சீரான இடைவெளியில் விழும். அடிபட்ட வண்டியை டிங்கர் சரிசெய்தால் அந்த வட்டங்கள் இருக்காது. கிரைண்டர் போட்ட கோடும், பூசிய சீலன்ட்டும் இருக்கும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த ஆண்டைக் காட்டுகிற எண்ணோ புள்ளியோ உண்டு. ஐந்து கண்ணாடி ஓர் ஆண்டிலும் ஒன்று மட்டும் பிந்திய ஆண்டிலும் இருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. சட்டைப்பையில் இருக்கிற சின்னக் காந்தத் துண்டு ஒன்றைத் தகட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போவார். பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் அது பிடிக்காமல் நழுவும். அந்தக் காந்தம் பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து உடைத்தெடுத்தது. விலை என்று ஒன்றும் இல்லை. லட்சக்கணக்கான ரூபாய் பேரத்தை அது நிறுத்தியிருக்கிறது.

மணப்பாறை மாட்டுச் சந்தை இங்கிருந்து தூரமில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லி, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற மண் இது. பாயின் கையும் அந்தக் கைகளின் உறவுதான் என்று எனக்குப் பட்டது.

அவர் தொழில் படித்தது அம்பாசடரில். பதினான்கு வயதில் திருச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்து, முதல் வருஷம் முழுக்க மண்ணெண்ணெயில் சாமான் கழுவியிருக்கிறார். ஃபீலர் கேஜ் கையில் வந்த நாளை இன்னும் சொல்கிறார். அந்த மெல்லிய எஃகு இதழை வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விட்டு இழுத்தால், பதினைந்து தவ்வில், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளியில், லேசான பிடிப்பு தெரிய வேண்டும். மேஸ்திரி அளவைப் பார்க்க விடமாட்டாராம். இழுக்கும்போது கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்கு அல்ல என்பாராம். 1957 வாக்கில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரியை வைத்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தொடங்கிய அந்தக் கார் 2014 மே மாதம் வரை அங்கேயே தயாரானது. நடுவில் இன்ஜின்கள் மாறின, உடம்பு ஏறக்குறைய மாறவில்லை. அதனால் ஒருமுறை கற்ற வேலை ஒரு தலைமுறைக்குச் செல்லுபடியானது. இன்றும் பட்டறையின் பின்பக்கம் வெள்ளை அம்பாசடர் ஒன்று நிற்கிறது, வேலைக்கு வந்ததுதான்.

“அம்பாசடர் நல்ல வண்டியா பாய்?” என்று கேட்டேன்.

“வழியில நிக்கும். ஆனா எங்க நின்னாலும் யாராவது ஒருத்தன் எழுப்பிடுவான்.”

நண்பருக்கு இந்தப் பதில் போதவில்லை. அம்பாசடரின் கிராக்கி தரத்தால் வந்ததல்ல, வேறு வழி இல்லாததால் வந்தது என்றார். லைசென்ஸ் ஆட்சிக் காலத்தில் கார் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது, ஆகவே கார் நல்ல கார் என்று ஆயிற்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் அந்தக் கணக்கு கலைந்தது. அதே பத்தாண்டில் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், ரோவர் எஸ்.டி.1 என்கிற அழகான உடம்புக்குள் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றுப் பார்த்தது. பெட்ரோல் குடித்தது, வேகம் இல்லை, சில வருஷத்திலேயே நின்றுபோனது. அதே கம்பெனியின் ஹெரால்டு காரை ஓட்டிய ஊரில் அந்த வீழ்ச்சியை நண்பர் இன்னும் சொந்த இழப்பாகவே சொல்கிறார். டாடா இண்டிகா 1998 இறுதியில் அறிமுகமானபோது முதல் வண்டிகளில் குறைகள் மலிந்திருந்தன. கம்பெனி ஒத்துக்கொண்டு திருத்தி, 2001இல் வி2 கொண்டுவந்த பிறகுதான் தமிழ்நாட்டு டாக்ஸி ஸ்டாண்டுகள் அதை ஏற்றுக்கொண்டன.

அவர் சொன்ன எல்லாம் சரி. ஆனாலும் பாய் சொன்னதுதான் இந்தப் பகுதியின் சந்தை விலையை நிர்ணயிக்கிறது என்பதை அங்கே நின்று பார்த்தபோது உணர்ந்தேன். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் மாருதியிலும் டாடாவிலும் ஃபியட்டிலும் ஓடியது. மூன்று கம்பெனி வண்டிக்கு ஒரே நெஞ்சு என்பதால், சின்ன ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் அதைப் பிரித்துக் கோக்கப் பழகிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் மாருதி அதைக் கைவிட்டது. இன்றும் பழைய டிசையருக்கு விலை நிற்கிறது என்றால் காரணம் இந்தப் பட்டறைகளில் இருக்கிற பழக்கம். ஷெவ்ரலே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் ஆலைகளை மூடுவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையும் அதில் அடக்கம். அறிவிப்பு வந்த அன்று அந்தக் கார்களின் இரும்பு எதுவும் மெலிந்துவிடவில்லை. ஓட்டுவதற்கு நல்ல கார்கள் அவை. ஆனால் நாளைக்கு பம்பரும் கிளட்ச்சும் எங்கே கிடைக்கும் என்ற கேள்விதான் பழைய வண்டிச் சந்தையில் முதலில் எழுந்தது. புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். வடிகட்டி, நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அது தொந்தரவே தராது. விராலிமலைக் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அதே கார் எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும். எந்தக் கார் நம்பகமானது என்று யாராவது கேட்டால் பாய் பதிலுக்கு “எங்க ஓட்டுவீங்க?” என்று கேட்பதன் பொருள் இதுதான்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்குப் பழைய கார்ச் சந்தைதான் களம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, ஏமாறுவோம் என்ற பயத்தில் எல்லோரும் விலையைக் குறைத்தே கேட்பார்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிவிடுவார். கடைசியில் சந்தையில் சொத்தை வண்டிகளே மிஞ்சும். நம் ஊர் வட்டிக்கடைக்காரர்கள்கூட அந்தக் கட்டுரையில் வருகிறார்கள். 2001இல் அகர்லாஃபுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஜப்பானில் இந்த இருட்டை ஒரு தாளால் போக்கினார்கள். ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு பழைய காரையும் பரிசோதகர் பார்த்து, கீறல் முதல் அடிபட்ட இடம் வரை படத்தில் குறித்து, தர மதிப்பெண் போடுகிறார். யாழ்ப்பாணத்தில் ஜப்பான் வண்டி வாங்குகிறவர்கள் அந்த ஏலத்தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள். இலங்கை 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே பழைய கார்களின் விலை விண்ணுக்குப் போனது, வண்டி எதுவும் புதிதாகிவிடாமலே.

நம்மிடம் அந்தத் தாள் இல்லை. பாயின் வாய்ச்சொல்தான் தாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு, தென்மாவட்டங்களுக்கு வந்தபோது இதன் அருமை தெரிந்தது. சீட்டுக்கடியில் தரைவிரிப்பைத் தூக்கினால் தகட்டு மடிப்பில் மெல்லிய சேறு, சீட் தண்டவாளத்தில் துரு, ஏ.சி. போட்டால் ஒரு நாற்றம். அவர் தடுத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தோடு வந்தவர்களும் அதில் உண்டு.

இதற்கு அவர் வாங்குவது எழுநூறு ரூபாய். வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்த புரோக்கருக்கு விற்பவரிடம் இரண்டு சதவீதம், வாங்குபவரிடம் இரண்டு சதவீதம். வண்டி 3,55,000க்கு முடிந்தால் பக்கத்துக்கு 7,100, இரண்டும் சேர்த்து 14,200. அவர் ஒருமுறைகூடக் குனியவில்லை. ‘வீட்டிலேயே நின்ற வண்டி’ என்று பொய் சொன்னவரும் அவர்தான். அந்தப் பொய்க்கு நம் சந்தையில் தண்டனை கிடையாது, கமிஷன் உண்டு. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, எண்ணெய் சொட்டுகிற இடத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு டீக்காசு கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள், அந்த ஒரு மணி நேரத்தில் தங்களுக்கு மிச்சமாகிற தொகையை எழுதிப் பார்க்க வேண்டும். விராலிமலையிலேயே எம்.எம். ஃபோர்ஜிங்ஸ் ஆலையில் வாகன உறுப்புகள் காய்ச்சிய இரும்பில் அடித்து உருவாக்கப்பட்டு வெளிநாடு வரைக்கும் போகின்றன. அங்கே அளந்து பார்க்காத ஒரு துண்டு வெளியே போகாது. அளந்து பார்ப்பது உற்பத்தியின் செலவில் சேர்ந்தது. அந்த உறுப்புகள் வண்டியாகி, பழசாகி, இதே ஊர்ப் பக்கம் திரும்பி வரும்போது மட்டும் அளந்து சொல்பவருக்குக் கூலி பேரம் பேசப்படுகிறது. பாயிடம் படித்த பையன்கள் இருவரில் ஒருவர் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டார். மற்றவர் புரோக்கராகிவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாய் எழுதப்படிக்கத் தெரிந்தவர். அவர் பார்த்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டாயிரம் ரூபாய் வாங்க வேண்டும் என்று நண்பரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஏதாவது ஒன்று போனால் என்னிடம் வந்து நிற்பார்களே என்றார். அந்தப் பயம் நியாயமானது. முப்பது பேர் சேர்ந்து ஒரு சங்கமாக, ஒரே படிவமாக வைத்தால் அது நடக்கும். தனியாக ஒருவர் தலையில் ஏற்றினால் நடக்காது.

டிசையர் விஷயம் முடிந்தது. கிளட்ச் பிளேட், முன் ஷாக் அப்சார்பர், பின்கதவுக் கீல், நான்கு டயரில் இரண்டு என்று பாய் செலவுக் கணக்குப் போட்டார். டாக்ஸி ஓட்டம் என்பதற்கு ஒரு தொகை கழித்தார். இன்ஜின் நல்லது, வாங்கலாம், ஆனால் மூன்று இருபதுக்கு மேல் ஒரு ரூபாய் தரக் கூடாது என்றார். புரோக்கர் முதலில் சத்தம் போட்டார், பிறகு 3,40,000 என்றார், பிறகு வண்டிக்காரரைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். 3,25,000க்கு முடிந்தது. மைத்துனர் ஆயிரம் ரூபாயை நீட்டினார். பாய் முந்நூறைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். நண்பர் அவர் கையைப் பிடித்து மடக்கினார்.