இரண்டு முடிச்சுள்ள கொடி

எங்கள் ஊர்ப்பக்கம் ‘ஒயின் ஷாப்’ என்றால் பிராந்தியும் விஸ்கியும் விற்கும் கடை என்று பொருள். பெயர்ப்பலகையில் மட்டும் அந்தக் கடையை ஆண்டுவரும் ஒயினை அங்கே கேட்டு வாங்கியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அத்தகைய சூழ்நிலையில் வளர்ந்தவனும், மது விஷயத்தில் இன்றுவரை பத்தியக்காரனுமாகிய நான், ஓர் அக்டோபர் மாதக் காலையில், நாசிக்கிலிருந்து வடக்கே திண்டோரி செல்லும் சாலையை ஒட்டி, மழை விட்டும் ஈரம் விடாத கரிசல் மண்ணில் செருப்புப் புதையப் போய் நின்றதற்குக் காரணம் ருசியன்று. அங்கே கொடி வெட்டுபவர்களின் கைவேலையைப் பற்றி நண்பரொருவர் வர்ணிக்கக் கேட்டு உண்டான ஆவலே.

ஐரோப்பாவில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வசந்தம் வந்ததும் தானே விழித்துக்கொள்ளும். நாசிக்கில் அதை உறங்கவைக்கப் போதிய குளிர் இல்லாமையால், இயற்கை செய்யவேண்டிய காரியத்தை இங்கே கத்தரிக்கோல் செய்யவேண்டியிருக்கிறது. ஏப்ரலில் ஒட்ட வெட்டிப் புதுக் கிளை வளரவிடுவதற்குக் ‘கரட் சாட்டணி’ என்று பெயர். மழை ஓய்ந்தபின் காய்ப்புக்காக வெட்டுவது ‘கோடி சாட்டணி’. கோடி என்றதும் தமிழ்க்காதுக்குப் பணக்கணக்கு நினைவு வருவது சகஜம். மராத்தியில் அது இனிப்பு என்பதை நண்பர் விளக்கியபோது, இரண்டு அர்த்தமும் ஒரே கொடியில் தொங்குவதாகத்தான் எனக்குப் பட்டது.

வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பேட், சுர்காணா மலைத் தாலுகாக்களிலிருந்து பருவத்துக்கு இறங்கிவரும் ஆதிவாசிகள். பதினைந்து பேர் கொண்ட அவர்களுடைய ‘டோளி’யை அழைத்துவரும் மேஸ்திரிக்கு முகாதம் என்று பெயர். கூலி, ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியின் அருகே வெகுநேரம் நின்றேன். கிளையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒருமுறை உருட்டி, அதன் பருமனை அறிந்து, அதற்குத் தக்கபடி துளிர்விடும் கண்களை எண்ணி, கடைசிக் கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக ஒரு வெட்டு. மறு வெட்டுக்கு அவசியமே நேரவில்லை. ஒரு கண் கூடுதலாக விட்டால் குலை பெருகும், குலை பெருகினால் சாறு நீர்த்துப்போகும், நீர்த்த சாற்றுக்கு ஆலைக்காரன் விலை சொல்லமாட்டான் என்னும் பொருளாதார சாஸ்திரம் முழுவதும் அந்த விரல்களின் உருட்டலில் அடங்கியிருந்தது.

வெட்டியவர்களின் பின்னாலேயே வேறு சிலர், கையுறை அணிந்து, செந்நிறச் சாயம் கலந்த ஒரு திரவத்தைத் துணிச்சுருளில் தோய்த்து ஒவ்வொரு கண்ணாகப் பூசிக்கொண்டு வந்தார்கள். ‘பேஸ்டிங்’ என்று அதைச் சொல்கிறார்கள். மருந்தின் பெயர் ஹைட்ரஜன் சயனமைடு. கண்களெல்லாம் ஒருசேர விழிப்பதற்கு அது வேண்டும். விஷத்தன்மை உள்ள அந்த மருந்துக்கு விபரீதமான குணம் ஒன்றும் உண்டு: உடம்பில் சிறிது சேர்ந்துவிட்டாலும், மதுவைச் செரிக்கும் சக்தியை அது தடுத்துவிடுவதால், பிறகு குடிப்பவனுக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, நிலைமை ஆபத்தாகவும் முடியலாம். “பேஸ்டிங் நடக்கும்போதும், முடிந்து ஒரு வாரம் வரையிலும் என் டோளியில் ஒருவனும் குடிக்கக்கூடாது; தோட்ட முதலாளியே ஊற்றிக் கொடுத்தாலும் கூடாது” என்றான் முகாதம். ஒயினுக்காகக் கொடியை எழுப்பும் வேலையிலே இப்படி ஒரு மதுவிலக்கு அமலில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தோட்டக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவர் என்னைப் பக்கத்து வயலுக்கு அழைத்துச் சென்று ஓர் அடிமரத்தைத் தொட்டுக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு முடிச்சு, இடுப்புக்குக் கீழே இன்னொரு முடிச்சு. மண்ணுக்குள் இருப்பது வறட்சியும் உப்பும் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர். முதல் முடிச்சுக்கு மேல் ஷிராஸ் என்னும் ஒயின் ஜாதி. இரண்டாவது முடிச்சுக்கு மேல், பச்சையாகத் தின்னும் விதையில்லாத தாம்சன். அவருடைய சரித்திரமும், ஏறக்குறைய அந்த ஜில்லாவின் ஒயின் சரித்திரமும், அந்த ஒன்றரை முழக் கட்டையில் எழுதியிருந்தன.

2001ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசாங்கம் வரிச்சலுகை தந்து ஒயின் தொழிலை ஊக்குவித்தது. வின்சூரில் ஒயின் பூங்கா என்று ஒரு பேட்டையே ஏற்பட்டது. கலிபோர்னியாவிலிருந்து திரும்பிய ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா ஆலையின் முதல் புட்டிகள் அதற்கு முந்திய ஆண்டே வெளிவந்திருந்தன. அந்த உற்சாகத்தில் நம் தோட்டக்காரரும் மூன்று ஏக்கரில் ஷிராஸ் ஒட்டினார். 2008இல் உலகச் சந்தை சரிந்தது. நவம்பரில் மும்பை ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. பிரயாணிகள் வருவது நின்றது. முந்தைய வருஷத்துச் சரக்கே தொட்டிகளில் நிறைந்திருக்கையில் புதுத் திராட்சையை யார் வாங்குவார்? 1980களிலிருந்து நாராயண்காவில் கொடிகட்டிப் பறந்த சாதோ இண்டேஜ் ஒயின் ஆலை கடனில் மூழ்கியது. உண்ணும் திராட்சையாயிருந்தால் தள்ளுவண்டியிலாவது தள்ளிவிடலாம். சிறு மணி, தடித்த தோல், வாய் நிறைய விதை என்னும் லட்சணங்கள் கொண்ட ஷிராஸை, ஆலை வேண்டாமென்றால் தெருவில் கூவி விற்க முடியாது. இரண்டு ஏக்கரை அவர் வெட்டித் தாம்சன் ஒட்டினார். அதுதான் இரண்டாவது முடிச்சு. மிச்சமுள்ள ஒரு ஏக்கர் ஷிராஸை, ஒப்பந்த விலை இருப்பதால் வைத்திருக்கிறார். தாம்சன் மட்டும் சௌக்கியமாக இருக்கிறதா என்றால், 2023 நவம்பர் 26ஆம் தேதி நிபாட் பக்கம் பெய்த ஆலங்கட்டி ஜாதி பார்க்கவில்லை என்றார்.

விற்பனையின் சங்கடங்களோ தோட்டத்துக்கு வெளியே, அவர் கைக்கு எட்டாத இடங்களில் தீர்மானமாகின்றன. மது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள பொருளாகையால், நாசிக் ஒயினுக்கு ஒவ்வொரு மாநிலமும் ஓர் அந்நிய தேசம்: தனித் தீர்வை, தனி லேபிள் பதிவு. சொந்த மாநிலத்தில் 20 சதவிகித விற்பனை வரியில் 16ஐத் திருப்பித் தரும் திட்டமும் சில வருஷம் நின்று பிறகே உயிர்பெற்றது. பெரிய பல்பொருள் கடைகளில் ஒயின் விற்கலாம் என்று 2022 ஜனவரியில் மந்திரிசபை முடிவு செய்ததும், அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவிக்க, முடிவு ஒத்திப்போடப்பட்டது. அந்த எதிர்ப்பு அர்த்தமற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடியால் நொந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் ஒயினுக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தேடமாட்டார்கள். இறக்குமதி ஒயின்மீது 150 சதவிகிதச் சுங்கம் என்னும் மதில் நாசிக் ஒயினை இத்தனை காலம் காத்துவந்தது. 2022 டிசம்பரில் அமலான ஆஸ்திரேலிய உடன்படிக்கை அதில் முதல் கல்லைப் பெயர்த்திருக்கிறது. உலகமோ குடிப்பதையே குறைத்துக்கொண்டு வருகிறது. 2024இல் உலகம் அருந்திய ஒயின், 1961க்குப் பிறகு மிகக் குறைந்த அளவு. பிரான்ஸில் கீர்த்தி பெற்ற போர்தோவிலேயே, ஹெக்டேருக்கு 6,000 யூரோ வாங்கிக்கொண்டு கொடியைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

ஆலைகள் இதற்கெல்லாம் ஓர் உபாயம் கண்டுபிடித்திருக்கின்றன. ஒயினோடு கூட, ஒயின் விளையும் ஸ்தலத்தையும் விற்கின்றன. 2005இல் சூலா திறந்த சுவைக்கூடம் வழிகாட்ட, இன்று விடுதியும் போஜனசாலையும் உள்ள தோட்டங்களுக்கு மும்பையிலிருந்து சனிக்கிழமைதோறும் கார்கள் வருகின்றன. அறுவடைக் காலத்தில் கட்டணம் செலுத்தித் தொட்டியில் இறங்கித் திராட்சையை மிதித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாமர்த்தியமான வியாபாரந்தான். ஆலைக்கு விடுதி உண்டு, தோட்டக்காரருக்குத் தாம்சன் உண்டு. டோளிக்கு மட்டும் மாற்று எதையும் நான் காணவில்லை. ஏக்கர் கூலியைப் பகிர்ந்துகொள்பவர்கள் வருமானத்தைப் பெருக்க, இன்னும் வேகமாக வெட்டுவது ஒன்றுதான் வழி.

மாலையில் தோட்டக்காரர் வீட்டில் தேநீர் தந்தார்கள். தீபாவளிக்கு ஆலை அனுப்பிய புட்டி ஒன்று, சீல் உடையாமல், அலமாரியில் மருந்து ரசீதுகளுக்குப் பக்கத்தில் நின்றது. அதை எனக்குத் தர அவர் முன்வந்தார். நான் கும்பிட்டு மறுத்தேன்.

வெளியே டெம்போ புறப்படத் தயாராயிருந்தது. காலையில் நான் அருகே நின்று பார்த்த பெண்மணி குழாயடியில் கத்தரிக்கோலைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்தக் காயிலிருந்து ஆகிற அந்தப் பானம் புளிக்குமா, இனிக்குமா என்று உடைந்த இந்தியில் என்னைக் கேட்டாள். தெரியாது அம்மா என்றேன். இவ்வளவு தூரம் வந்தும் அதைத் தெரிந்துகொள்ளவில்லையா என்பதுபோல் ஒரு கணம் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். மறுநாள் வெட்டு ஒரு தாம்சன் தோட்டத்தில், பொழுது விடியுமுன் போய்ச் சேரவேண்டும் என்று முகாதம் சத்தமிட்டுக்கொண்டிருந்தான்.