தண்ணீர் மேல் விழுந்த பழி

பாப்பாரப்பட்டியில் யாருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தாலும் முதல் பழி தண்ணீர் மேல்தான். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம்; பல்லில் கறையோடு வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் சந்தேகம் போகவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் அந்தச் சிறுமி ராத்திரியில் நான்கு முறை எழுந்து சொம்பு சொம்பாகக் குடித்தபோதும், இந்த வயதில் படுக்கையை நனைத்தபோதும் ஆயா சொன்னது, "போர் தண்ணி குடிச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்."

அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. மூத்தவளும் அதே தண்ணீரைக் குடித்துத்தானே வளர்ந்தாள்? முகம் வெளுத்து, வளர்த்தியும் நின்றுபோன சின்னவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். ரத்தசோகை, ஏறிக்கிடந்த கிரியாட்டினின், கடைசியாக மரபணுப் பரிசோதனை. நோயின் பெயர் நெஃப்ரோனோஃதிசிஸ். பழுது, செப்164 என்ற மரபணுவில்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். நம் செல்களில் சென்ட்ரியோல் என்று ஒரு ஜோடி உண்டு. ஒவ்வொன்றும் ஒன்பது கட்டு நுண்குழாய்கள், கட்டுக்கு மூன்று. மூத்தது தாய், இளையது சேய். சேய் பிறந்ததும் வேலைக்கு ஆகாது. இரண்டாவது செல் பிரிவு நெருங்கும்போதுதான் அதன் நுனியைச் சுற்றி ஒன்பது கைகள் முளைத்து அது முதிரும். அந்தக் கைகளில் இருக்கும் புரதங்களில் ஒன்றுதான் செப்164. சென்ட்ரியோல் செல்லின் மேல்சவ்வில் போய் ஒட்டிக்கொள்ள அந்தக் கைகள் வேண்டும். அதுமட்டுமல்ல, நுனியை சிபி110 என்ற புரதம் அடைத்திருக்கும். டிடிபிகே2 என்ற இன்னொரு புரதத்தை செப்164 அழைத்து வந்தால்தான் அந்த அடைப்பு விலகும். பிறகே சிலியா என்ற நுண்முடி வளரும். மூடி போனால்தான் முடி!

சிறுநீரகக் குழாய்ச் செல்களில் அந்த ஒற்றை முடி, ஆற்றில் நட்ட கோல்போல ஓட்டத்தை உணரும். அது சரியில்லாவிட்டால் குழாய்கள் மெல்லச் சிதையும். சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது. நீர் உடம்பில் தங்காது. அதனால்தான் அந்தத் தாகம். செப்164 பழுதானால் சிறுநீரகத்தோடு விழித்திரையும் கெடலாம் என்பது 2012-ல்தான் தெரியவந்தது. எனவே கண்ணையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழுதை நேராக்க மருந்து இல்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் அதில் இந்த நோய் திரும்ப வராது என்பது ஓர் ஆறுதல்.

பெற்றோர் இருவரிடமும் ஆளுக்கொரு பழுதான பிரதி. இருவரும் நலம்தான், இரண்டும் சேர்ந்தது மகளிடம். அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணம் சொந்தத்துக்குள்தான்.

சிக்கல் இனிமேல்தான். மூத்தவளை அம்மாவின் தம்பிக்கே கொடுப்பதாகப் பேச்சு.

"நீ கட்டிக்கலையா?" என்றார் ஆயா.

"கட்டிக்கிட்டதாலதான் சொல்றேன். ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கட்டும். ரெண்டு பேர்கிட்டயும் அது இருந்தா, பொறக்குற ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. ஒருத்தர்கிட்ட இல்லேன்னாலும் நானே பத்திரிகை அடிக்கிறேன்."

மூத்தவள் ரத்தம் கொடுத்துவிட்டாள். தம்பிக்கு ஓசூரில் வேலை. வருவதாகச் சொன்ன ஞாயிறுகள் இரண்டு போய்விட்டன.