மகளின் மணமாலையில் சில பூக்கள்

"அம்மா, என்ர கலியாண மாலையிலை கொஞ்சப் பூவைக் காயவைச்சுப் பத்திரப்படுத்தேலுமோ?" என்று மகள் கேட்டபோது நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கலியாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. தெல்லிப்பழையில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போடுவதாக முடிவு. விசா கிடைத்ததும் அவள் மருமகனோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விடுவாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். என்னுடைய தேவாரப் புத்தகத்துக்குள் இரண்டு பூக்கள் இருக்கின்றன. 1985இல் எனது கலியாணம் முடிந்து மாலையைக் கழற்றியபோது, என் அம்மா அதிலிருந்து கிள்ளி வைத்தவை. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்தது அடையாள அட்டை, காணி உறுதி, அந்தத் தேவாரப் புத்தகம் ஆகிய மூன்றும்தான். கலியாண அல்பம் அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் கழித்துக் காணி விடுபட்டு நாங்கள் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அது இருந்த அறையும் இல்லை. நான் மணப்பெண்ணாக இருந்ததற்கு எஞ்சிய சாட்சி அந்த இரண்டு பூக்களே. மல்லிகை தேயிலைச் சாயம்போலப் பழுப்பாகிவிட்டது. வாடாமல்லிகையில் மட்டும் இன்னும் ஊதா நிறம் தெரிகிறது.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். செடிகளை அழுத்திக் காயவைத்து ஏட்டில் ஒட்டும் பயிற்சியைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். பேராதனைப் பூங்காவில் 19ஆம் நூற்றாண்டில் சேகரித்த செடிகள்கூட இவ்விதமாகவே கடதாசியில் பாதுகாக்கப்படுகின்றன. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பள்ளிப் பருவத்தில் 400க்கும் மேற்பட்ட செடிகளை ஒட்டிச் செய்த ஏடு இப்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஆகவே, "செய்யலாம் பிள்ளை. ஆனால் எல்லாப் பூவும் சரிவராது. முதலிலை பரீட்சித்துப் பார்ப்பம்" என்றேன்.

இருவருமாக வளவில் உள்ள பூக்களை ஒவ்வொன்றாகப் பறித்துப் பார்த்தோம். பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்குமேல் பறித்தோம். வெள்ளைத் தாளில் பூவைப் பரப்பி, மேலே இன்னொரு வெள்ளைத் தாள் போட்டு, இரு பக்கமும் பழைய பத்திரிகைகளை வைத்தோம். பத்திரிகை ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதன் மை பூவில் படக்கூடாது. அதற்குமேல் பலகை, பலகைக்குமேல் அம்மிக் குழவி. முதல் ஒரு வாரம் தினமும் பத்திரிகையை மாற்றினோம். மூன்று வாரத்தில் பூக்கள் காய்ந்தன. தொட்டால் குளிர்ச்சி தெரியாமல் மொரமொரவென்று இருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

மல்லிகையும் நந்தியாவட்டையும் பழுப்பாகின. செவ்வரத்தை நீர் நிறைந்த பூவாதலால் தாளோடு ஒட்டிக்கொண்டது. செவ்வந்தியை முழுதாக வைத்தபோது நடுவில் பூஞ்சணம் பிடித்தது. இதழ்களைப் பிரித்து வைத்தபோது நன்றாக வந்தது. சிவப்பு ரோஜா இதழ்கள் கருஞ்சிவப்பாக மாறின, ஆனாலும் அழகு குறையவில்லை. வெட்சிப் பூக்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் சிறு நட்சத்திரங்கள்போல் காய்கின்றன. கடதாசிப்பூ என்று நாம் சொல்லும் போகன்விலா நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. வாடாமல்லிகையை அழுத்தத் தேவையில்லை. காம்போடு கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும். துளசி, வில்வ இலைகளும் நன்றாகக் காய்ந்தன.

கலியாணம் வைகாசியில். சோளகக் காற்று வீசும் வறண்ட காலம் என்பது எங்களுக்கு வாய்ப்பாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால் காற்றின் ஈரமே பூவைப் பழுதாக்கியிருக்கும்.

மாமி மட்டும் சம்மதிக்கவில்லை. "வாடின மாலையைக் கால் படாத இடத்திலை, கடலிலையோ மரத்தடியிலையோ விடவேணும். வீட்டிலை வைச்சிருக்கிறது சரியில்லைப் பிள்ளை" என்றார். அவருடைய மனதை நோகச் செய்யவும் எனக்கு விருப்பமில்லை.

மாலை கட்டுபவரிடம் பேசியபோது அதற்கும் வழி கிடைத்தது. மாலை வாடாமல் இருக்க அவர்கள் அடிக்கடி தண்ணீர் தெளிப்பார்கள். நனைந்த பூ அழுத்தினால் பூஞ்சணம் பிடிக்கும். எனவே மாலையில் ரோஜா, வெட்சி, வாடாமல்லிகை, துளசி ஆகியவற்றைச் சேர்க்கும்படியும், தண்ணீர் தெளிக்க முன்பே அதே பூக்களில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துத் தரும்படியும் கேட்டுக்கொண்டோம். மணமக்கள் சூடிய மாலை மாமியின் விருப்பப்படி மாமரத்தடியில் சேர்ந்தது. "இது சூடாத பூத்தானே, வைச்சிருங்கோ" என்று மாமியே சொல்லிவிட்டார்.

மூன்று வாரத்தின் பின் பூக்களைத் தடித்த தாளில் ஒட்டி, கண்ணாடிச் சட்டமிட்டு, வெயில் படாத சுவரில் மாட்டினோம். வெயில் பட்டால் நிறம் போய்விடும்.

விசா வந்தது. பெட்டி அடுக்கும்போது நான் சட்டத்தைக் கழற்றித் துணியில் சுற்றத் தொடங்கினேன். அவுஸ்திரேலியாவுக்குச் செடி, பூ, விதை எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் அறிவிக்கவேண்டும். அவர்கள் பரிசோதித்தே விடுவார்கள். "மறைக்காமல் எழுதிக் குடு பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன்.

அவள் என் கையிலிருந்து அதை வாங்கித் திரும்பவும் சுவரில் மாட்டினாள்.

"இது எனக்கில்லை அம்மா. உங்களுக்குத்தான் கேட்டனான். உங்கட அல்பம் போச்சுது. என்ர கலியாணமாவது உங்கட வீட்டிலை இருக்கட்டும்."

எனக்குப் பேச்சு வரவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கலியாணம் வரும். மாலைக்குச் சொல்லும்போது அழகையும் விலையையும் பார்ப்பதோடு, காய்ந்தாலும் நிற்கும் பூ இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெளிக்க முன் ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை. ஒரு பழைய பத்திரிகையும் அம்மிக் குழவியும் போதும்.

காலையில் விளக்கேற்றிவிட்டு நான் அந்தச் சட்டத்தின்முன் சிறிது நேரம் நிற்பேன். தேவாரப் புத்தகத்தில் இருந்த என் வாடாமல்லிகையும் இப்போது அதே கண்ணாடிக்குள்தான் இருக்கிறது.