ஏழு பேர் உட்காரும் வண்டி

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையைத் தாண்டினால் எங்கள் தெரு. இந்த ஊரில் வீடு இருந்தால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி உறவுக்காரர்கள் வருவார்கள். அவர்களை ஆட்டோவில் பிரித்து அனுப்புவது கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் பேச்சு வந்தது. பெரிய வண்டி வாங்கினோம். ஊரார் தலைக்கு மேல் உயரமாக உட்கார்ந்து ஓட்டும் ஆசை எனக்கும் இருந்தது. அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பௌர்ணமியிலும் தீபத்திலும் கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். விருந்தாளிகள் 14 கிலோமீட்டர் நடந்து மலை சுற்றுவார்கள். அவர்களுக்காக வாங்கிய வண்டி வாசலில் நிற்கும். ஆசிரமத்துக் குரங்குகள் வைப்பர் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்.

எடுத்தது டீசல். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரி எரிந்து போக வேண்டுமானால் புகை நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல் ஓட வேண்டும். எங்கள் ஓட்டமோ பள்ளிக்கூடம், கோயில், காய்கறிக் கடை. இன்ஜின் சூடாவதற்குள் போகிற இடம் வந்துவிடும். ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் சிரித்தார். "ஊருக்குள்ளயே உருட்டினா இப்படித்தான் சார். செங்கம் ரோட்டுல நீளமா ஒரு ஓட்டம் விடுங்க." அன்றிலிருந்து ஞாயிறு காலையில் வேலையே இல்லாமல் செங்கம் போய் வருகிறேன். ஊரே வினை தீர மலை சுற்றுகிறது. நான் வண்டியின் கரி தீரச் சுற்றுகிறேன்.

மூன்றாம் வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கால் மோவாயைத் தொட, ஜவ்வாது மலை வளைவுகளில் அங்கே உட்கார்ந்து வந்த மாமியார், ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் சொன்னார்: "மாப்பிள்ளை, திரும்பும்போது நான் பஸ்லயே வந்துடறேன்." ஏழு பேரும் ஏறிவிட்டால் டிக்கியில் பைகளுக்கு இடம் இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

வண்டியை விற்கவில்லை. போளூர், கண்ணமங்கலம் வழியாக அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது அதன் அருமை தெரிகிறது. அவர் ஏற ஒரு கால்படி மட்டும் பொருத்தினோம்.

வாங்கப் போகிறவர்கள் வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி. அல்லது டீசல் 1500 சி.சி.க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதைத் தாண்டினால் 40. ஏழு சீட் வண்டிகளில் பெரும்பாலானவை தாண்டிவிடும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி நட்சத்திரம் உண்டு, இரண்டையும் கேளுங்கள்.

தினமும் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் பெட்ரோல் எடுங்கள். விருந்தாளி வரும் நாலு நாளுக்கு மஞ்சள் போர்டு வண்டி கிடைக்கும். ஏழு சீட்தான் வேண்டுமென்றால், டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுப் பெரியவரையும் அழைத்துப்போய் மூன்றாம் வரிசையில் உட்கார வையுங்கள். அவர் சரி என்ற பிறகு முன்பணம் கட்டுங்கள்.