நிறத்திற்கு முன்னே

லாரிக்கு பாடி கட்டுவதில் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் திருச்செங்கோடும் பெயர் பெற்றவை. தறியோசையில் விடியும் எங்கள் பள்ளிபாளையத்திற்கு அந்தப் புகழ் இல்லை. ஆயினும் தகடு தட்டி வண்ணம் பூசும் சிறு பட்டறைகள் இங்கும் உண்டு. அவற்றுள் ஒன்றில் எங்கள் வீட்டு அம்பாசிடர் கார் தை முதல் ஆவணி வரை, பாகம் பாகமாகப் புத்துயிர் பெற்றது.

தந்தையார் விட்டுச் சென்ற வண்டி அது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றனர் இளையவர்கள், அம்மா இசையவில்லை. எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்யும் குடும்பத்திற்கு மொத்தமாகப் பணம் புரள்வது ஏது? ஆகவே மாதம் ஒரு பாகம் என முடிவு செய்தோம். இன்னொரு காரணமும் உண்டு. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. துருவுக்குக் கொடுத்த கதவை ஆலையிலிருந்து இனிப் பெற இயலாது.

பெரிய ஆலைகளில் காரின் கூட்டை முழுவதுமாகத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் துணையால் பிரைமரை இண்டு இடுக்கெல்லாம் படியச் செய்கின்றனர். 1960-களில் ஃபோர்டு நிறுவனம் கையாளத் தொடங்கிய முறை இது. பட்டறையில் அந்தத் தொட்டி ஏது? அங்கே இருப்பவை ஒரு கம்ப்ரசர், ஒரு தெளிப்புத் துப்பாக்கி, பொறுமை.

"ஏனுங்க, வெறுந்தகட்ட ராத்திரிக்கு விட்டு வெக்கக் கூடாதுங்க. அன்னைக்குச் சொரண்டுனத அன்னைக்கே மூடிப்போடோணும்" என்றார் பெயிண்டர். ஆற்றங்கரை ஊர் அல்லவா? பளபளவென்று தேய்த்த தகட்டில் காற்றின் ஈரமே மறுநாள் காலைக்குள் செம்புள்ளி இடப் போதுமானது. எனவேதான் முழுக் காரையும் ஒரே மூச்சில் உரித்துப் போடாமல், ஒரு நாளில் மூடக்கூடிய அளவே உரித்தார். நாங்கள் பணத்திற்காகத் தேர்ந்த வழியே தகட்டிற்கும் ஏற்ற வழியாயிற்று.

உரித்த கதவைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்த பின் எவரையும் தொட விடமாட்டார். விரலின் வியர்வை உப்பும் எண்ணெயும் பட்ட இடத்தில் பிரைமர் பிடிக்காது. கடினமாக்கி கலந்த எபாக்சி பிரைமரை மெல்லியதாக இரு பூச்சு அடிப்பார். முதற்பூச்சின் ஈரப் பளபளப்பு மங்கிய பின்பே இரண்டாவது. ஒரே தடவையில் கனமாக அடித்தால் மேலே தோல் கட்டி, உள்ளே கரைப்பான் சிறைப்பட்டுப் பின்னர் கொப்புளிக்கும். அது காய்ந்த பின்பே பள்ளங்களுக்குப் பட்டி. வெறுந்தகட்டிலேயே பட்டி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் பெயிண்டருக்கு அது பிடிப்பதில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சக் கூடியது. அடியில் எபாக்சி இருந்தால்தான் தகடு தப்பும் என்பது அவர் கட்சி.

அதன் உண்மையைச் சித்திரையில் நேரிலேயே கண்டோம். யாருடைய வேன் கதவோ ஒன்று, எபாக்சி இன்றிச் சாம்பல் நிற சர்ஃபேசர் மட்டும் பூசப்பட்டு வாசலில் சாத்தப்பட்டிருந்தது. இரண்டு கோடை மழை பெய்தது. சில வாரங்களில் சாம்பலினூடே துரு பூத்து நின்றது. சர்ஃபேசர் தகட்டைச் சமன் செய்வதற்கே உரியது; நுண்துளைகள் வழியே நீர் இறங்கும். அதைக் குடையென்று நம்பலாகாது.

சர்ஃபேசரின் மேல் கறுப்பு வண்ணத்தைப் பனிபோல் தூவி, மரக்கட்டையில் சுற்றிய 400-ஆம் எண் வாட்டர் பேப்பரால் தேய்ப்பார். மேடான இடத்தில் கறுப்பு அழியும், பள்ளத்தில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத நெளிவெல்லாம் அப்போது அம்பலமாகிவிடும். பின்பக்க மூடிக்கு மட்டும் நான்கு முறை இவ்வாறு செய்ய வேண்டியதாயிற்று.

ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இரு கூட்டு சர்ஃபேசரிலும் மேல் வண்ணத்திலும் கலக்கும் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. மூச்சில் சென்றால் ஆஸ்துமாவை உண்டாக்கும். நம் பட்டறைகளில் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டே அடிக்கின்றனர். கைக்குட்டை அதைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி தேவை. குழாய் வழியே தூய காற்று வரும் முகமூடி அதனினும் மேல். நாங்கள் ஒரு வடிகட்டி முகமூடி வாங்கிக் கொடுத்தோம். முதலில் நகைத்தவர், பிறகு அணிந்தார். கார் அழகுபெற ஒருவர் நுரையீரல் கெடுவது எங்களுக்கு உடன்பாடன்று.

பிரைமரை மாதக்கணக்கில் பிரித்து அடிக்கலாம். நிறத்தை அவ்வாறு அடிக்க இயலாது. தனித்தனி நாளில் கலந்த வெள்ளை, தனித்தனி வெள்ளையாகவே நிற்கும். தையில் பிரைமர் கண்ட கதவோ ஆவணிக்குள் இறுகிப் போயிருந்தது. அதன்மேல் அப்படியே அடித்தால் வண்ணம் பற்றாது. ஆகவே எல்லாப் பாகங்களையும் மீண்டும் மெல்லச் சொரசொரப்பாக்கி, ஒரு நாள் முழுதும் வெயிலில் உலர்த்தி, மறுநாள் ஒரே கலவையில் அடித்து முடித்தார்.

உள்ளே மிதியடிக்குக் கீழுள்ள தளத்தகடு மட்டும் பாக்கி நிற்கிறது. தறியாட்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த பின், கையில் மிஞ்சுவதைக் கொண்டு அதையும் உரிக்கச் சொல்லியிருக்கிறோம்.