கட்டுப்படியாகும் கடல்

தில்லியை விட்டுப் புறப்படும் முடிவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் மயூர் விஹார், வலது பக்கம் தரங்கம்பாடி. இடது பக்கத்தில் வாடகை ரூ. 26,000. வலது பக்கத்தில் ரூ. 7,000. பள்ளிக் கட்டணம், பால், காய்கறி, போக்குவரத்து என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தோம். கடைசியில் என் கணவர் கூட்டிப் பார்த்தார். கணக்கர் என்பதால் இரண்டு முறை கூட்டினார். “போகலாம்” என்றார்.

உண்மையில் முடிவு அதற்கு முன்பே ஆகிவிட்டிருந்தது. 2023 நவம்பரில் காற்று மோசமாகி, தில்லியில் குளிர்கால விடுமுறையை முன்கூட்டியே அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். எங்கள் மகளுக்கு அப்போது வயது 12. ஆஸ்துமா. அந்த இரண்டு வாரமும் ஜன்னல்களை மூடிவிட்டு, நெபுலைசர் ஓடும் சத்தத்தில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்பை எங்கிருந்தும் செய்யலாம். மூச்சை அப்படி விட முடியாது. அவ்வளவுதான் காரணம்.

ஏன் தரங்கம்பாடி? நாங்கள் சேலத்துக்காரர்கள். கடல் எங்களுக்குச் சொந்தமுமில்லை, பந்தமுமில்லை. எம்.ஏ. தமிழ் படித்தபோது அச்சுக்கலை வரலாற்றில் வந்த ஊர் என்பதுதான் எனக்கு அதனோடு இருந்த ஒரே தொடர்பு. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்ட ஊர். ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் வேறென்ன என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். காரைக்காலில் ஒரு தனியார் நிறுவனத்தில், தில்லிச் சம்பளத்தில் பாதிக்கு, கணவருக்கு வேலை கிடைத்தது என்பதைப் பெருமையில் சேர்க்கவில்லை.

2024 மே மாதம் வந்து சேர்ந்தோம். ரயிலில் இரண்டு இரவு சென்னைக்கு, அங்கிருந்து மயிலாடுதுறைக்கு, பிறகு பஸ். நோட்டில் ‘மீன் – மலிவு’ என்று எழுதியிருந்தேன். ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடந்தன. வள்ளக்காரர்கள் கொண்டுவந்த கொஞ்ச மீனுக்கும் தில்லி விலை. முதல் வாரமே நோட்டில் ஒரு திருத்தம் போட வேண்டியதாயிற்று.

அம்மாதான் முதலில் வேரூன்றினாள். தில்லியில் பன்னிரண்டு வருடம் இருந்தும் இந்தி அவளுக்கு வரவில்லை. வந்த அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்தவள், விளக்கு வைப்பதற்குள் நான்கு பேரிடம் ஊர், உறவு, நோய் எல்லாம் பேசி முடித்திருந்தாள். “பன்னெண்டு வருஷமா ஊமையா இருந்திருக்கேன்டி” என்றாள். நோட்டில் இதற்குக் கட்டமே போட்டிருக்கவில்லை.

மகளுக்கு அது எளிதாக இல்லை. தில்லியில் அவள் ‘மதராசி’. இங்கே வகுப்பில் ‘இந்திக்காரப் பொண்ணு’. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்ததால் எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் கோபம் வந்தால் இந்தியில்தான் வரும். முதல் மூன்று மாதம் நிறைய இந்தி கேட்டோம். மூச்சு மட்டும் சீராக இருந்தது. ஆகஸ்டில் இன்ஹேலர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தது. ‘வாடை’, ‘கொண்டல்’ என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்த காற்றுகள் நேரில் வந்தன. மேல்காற்றை நாங்கள் ‘கோடை’ என்று படித்தோம், இங்கே ‘கச்சான்’. சொற்களைக் குறித்துக்கொண்டிருந்த வேளையில் சுவர் ஓதம் கண்டு பூசணம் பிடித்தது. மகளுக்கு மறுபடி இழுப்பு. புகை மட்டுமல்ல, ஈரமும் பூசணமும் கூட ஆஸ்துமாவைக் கிளப்பும் என்று டாக்டர் சொன்னார். இன்ஹேலர் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. தில்லியைப் போல் தினமும் அல்ல, ஆனால் இறங்கியது. உப்புக் காற்றில் பிரிட்ஜின் அடிப்பாகமும் துருப்பிடித்தது.

அந்த மழையில்தான் ஒரு நள்ளிரவு அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஒரு ஊசி போட்டார்கள். மேற்கொண்டு பார்க்க இங்கே வசதியில்லை, புதுச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வாடகைக் கார், கொட்டும் மழை, நூறு கிலோமீட்டருக்கு மேல். மூன்று மணி நேரமும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மயூர் விஹாரில் பெரிய மருத்துவமனை கால் மணி நேரம். நான் மனதுக்குள் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன்: மாதம் 19 ஆயிரம் மிச்சப்படுத்த, இரண்டே முக்கால் மணி நேரத்தை விற்றிருக்கிறேன். அம்மா பிழைத்துக்கொண்டாள். வீடு திரும்பியதும், “மறுபடி தில்லிக்குப் போலாமா?” என்று கேட்டேன். “செத்தாலும் பேச்சுத் துணையோட சாகறேன்” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

தை பிறந்ததும் ஒரு தரகர் வந்தார். கடலுக்கு ஐந்து நிமிட நடையில் மனை. “தில்லியில கார் நிறுத்துற இடம்கூட இந்த விலைக்கு வராது மேடம்” என்றார். சரிதான். கணவர் நோட்டை எடுத்துவிட்டார். மனையைப் பார்க்கப் போய் நின்றோம். அலைச் சத்தம் கேட்டது. மாடியில் என் மேஜையை எங்கே போடுவது என்று கூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் காலை வழக்கமாக மீன் கொண்டுவரும் அக்காவிடம் இதைச் சொன்னேன். கூடையை இறக்கிவைத்தார். அவர் இருப்பது ஊருக்கு உள்ளே, சுனாமிக் குடியிருப்பில். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அவர் வீடு கரையோரத்தில் இருந்தது. மறு ஆண்டு அரசு ஒரு ஆணை போட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் தள்ளிப்போனால் புது வீடு இலவசம். போக மாட்டேன் என்றால் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. அக்கா குடும்பம் தள்ளிப்போனது. வலையும் படகும் கரையில், வீடு உள்ளே. அலை பார்க்க, காற்றுப் பார்க்க அவர் கணவர் இன்றும் விடியுமுன் நடக்கிறார்.

“எங்கள உள்ள போவச் சொன்னாங்க. நீங்க வெளிய வாறீங்க” என்றார். கோபமில்லை. பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வது போலத்தான் சொன்னார். சங்கராவை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இன்னொன்றும் சொன்னார். அவர் தங்கை மகன் குடியிருக்கும் வீட்டுக்காரர் வாடகையை 4,000த்திலிருந்து 6,500 ஆக்கிவிட்டாராம். “தில்லிக்காரங்க ஏழாயிரம் தர்றாங்கல்ல, உனக்கென்னன்னு கேக்குறாரு.”

அன்று நான் ஒரு பக்கம் கூட மொழிபெயர்க்கவில்லை.

‘அஃபோர்டபிள்’ என்ற சொல்லை என் தொழிலில் நூறு முறையாவது பெயர்த்திருப்பேன். குறைந்த விலை, மலிவு, சகாய விலை என்று இடத்துக்கேற்றாற்போல். சரியான தமிழ் ‘கட்டுப்படியாகும்’ என்பதுதான். ஆனால் தமிழில் அது தனியாக நிற்காது. எனக்குக் கட்டுப்படியாகும், உனக்குக் கட்டுப்படியாகும் என்று ஆளைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் ஊர் அஃபோர்டபிள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. என் நோட்டும் கேட்கவில்லை.

பிறகு கணவர் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளை வரவழைத்துப் படித்தார். 1991இல் அறிவிக்கப்பட்டு, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டவை. எங்கே எவ்வளவு தூரத்தில் எதைக் கட்டலாம் என்பதற்கு வரைபடமும் அனுமதியும் வேண்டும். தரகரிடம் இரண்டும் இல்லை. அக்காவின் பேச்சைக் கேட்டு மனையை விட்டோம் என்று சொல்ல ஆசைதான். பாதி அது, பாதி இது. மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் தின்றிருப்பதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு மூன்றாவது காரணம் தேவையில்லை.

நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், வாடகை வீட்டில். மகள் இப்போது கோபத்தையும் தமிழில் காட்டுகிறாள். அதுவும் கரையோரத் தமிழில். பூசணம் பிடித்த சுவரைச் சுரண்டி, வெள்ளையடித்தோம். புதுச்சேரிக்கு அழைத்துப்போகும் கார்க்காரரின் எண் சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் எட்டாயிரம் கேட்டார். தில்லியிலென்றால் சரியென்று தலையாட்டியிருப்பேன். இங்கே ஒரு வாரம் பேரம் பேசி ஏழாயிரத்திலேயே நிறுத்தினேன். என் ஆயிரம் ரூபாய்க்காக மட்டுமல்ல. நான் கொடுக்கும் வாடகை என்ன என்பது தெருமுனையைத் தாண்டி யார் யார் வீட்டுக்குப் போகிறது என்பது இப்போது எனக்குத் தெரியும்.