வயலுக்குப் பச்சை போதாதா?

சென்னை நண்பர்களுக்கு நெல் வயல் படம் அனுப்பினா அடிக்கடி வர்ற பதில் ஒண்ணுதான்: "படம் நல்லா இருக்கு, பச்சையைக் கொஞ்சம் ஏத்தியிருக்கலாமே." ஏத்தலாம். மென்பொருள்ல ஒரு பொத்தானை வலது பக்கம் நகர்த்தினா போதும், ஒரகடம் குட்டநாடு ஆயிடும். ஆனா விவசாயி கண்ணுக்கு அந்தப் பச்சை வேற சேதி சொல்லும். பயிர் கருகருன்னு பச்சையா நின்னா தழைச்சத்து மிஞ்சிப் போச்சுன்னு அர்த்தம். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் அங்கதான் அதிகம் சேரும். காத்து மழை வந்தா பயிர் சாயும்.

நான் படம் எடுக்கிறது ரா கோப்புல. ஜேபெக்னா நிறத்தை கேமராவே முடிவு பண்ணிக் கொடுத்துடும். ரா கோப்புல அந்த முடிவு நம்ம கையில. சென்சார்ல ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுல ஒரு வடிகட்டி வழியா வந்த வெளிச்சத்தோட அளவை மட்டும்தான் குறிச்சு வைக்குது. கோடாக் நிறுவனத்துல இருந்த பிரைஸ் பேயர் 1976ல காப்புரிமை வாங்கின அமைப்பு இது. சிவப்புக்கு ஒரு புள்ளி, நீலத்துக்கு ஒண்ணு, பச்சைக்கு மட்டும் ரெண்டு. நம்ம கண்ணு பச்சையிலதான் நுணுக்கமா பார்க்கும்ங்கிறதால அப்படி.

இதுல எது வெள்ளைன்னு நாம சொன்னாத்தான் மத்த நிறமெல்லாம் அதது இடத்துல உட்காரும். கேமரா பொறுப்புல விட்டா, படம் முழுக்க வயலா இருக்கிறப்போ, பச்சை கூடுதலா விழுந்துட்டதா நெனச்சு எதிர்ப்பக்கம் தள்ளிடும். நல்ல பயிர் வாடினாப்பல தெரியும். கட்டியிருக்கிற வேட்டியையே வெள்ளைன்னு காட்டலாமேன்னு கேப்பீங்க. அது சொட்டு நீலம் போட்டுத் துவைச்சது. அதை வெள்ளைன்னு சொன்னா படம் பூரா மஞ்சள் ஏறிடும். அதனால பையில ஒரு சாம்பல் அட்டை வச்சிருக்கேன். வெளிச்சம் மாறும்போதெல்லாம் பயிர் பக்கத்துல அதைப் பிடிச்சு ஒரு படம். வீட்டுக்கு வந்து டார்க்டேபிள்ல அந்த அட்டையைத் தொட்டுக் காட்டி, கிடைக்கிற அளவை அதே வெளிச்சத்துல எடுத்த எல்லாப் படத்துக்கும் போடுவேன். ராத்திரிப் படத்துக்கு மட்டும் இது உதவாது. ஒரு பக்கம் கம்பெனி எல்.இ.டி., இன்னொரு பக்கம் மஞ்சள் ரோட்டு விளக்கு.

கார் கம்பெனி பெயிண்ட் பிரிவுல வேலை பார்க்கிற எங்க அண்ணன் மகன்கிட்ட இதைச் சொன்னேன். "எங்களுக்கும் இதே கதைதான் சித்தப்பா"ன்னான். பாடி இரும்பு, பம்பர் பிளாஸ்டிக். ஒரு விளக்குல ரெண்டும் ஒரே நிறமாத் தெரியும், வெளிய வெயில்ல வேறயாயிடும். அதனால அளவான வெளிச்சத்துல, மாதிரித் தகடு பக்கத்துல வச்சுத்தான் ஒப்பிடுவாங்களாம்.

நெல்லுக்கும் அப்படி ஒரு தகடு இருக்கு. இலை வண்ண அட்டைன்னு பேரு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சிபாரிசு பண்றது. எண் கூடக் கூட பச்சை கருக்கும். நட்ட 14ஆம் நாள்ல ஆரம்பிச்சு வாரம் ஒரு தடவை, காலை 8 மணியிலேருந்து 10 மணிக்குள்ள, 10 இடத்துல இலையை ஒப்பிடணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகங்களுக்கு 4. பத்துல ஆறு இடம் அதுக்குக் கீழ இருந்தாத்தான் தழைச்சத்து போடணும்.

போன நவரையில பக்கத்து வயல்காரர் சாயங்கால வெயில்ல போன்ல எடுத்த படத்தை உரக்கடையில காட்டியிருக்கார். மஞ்சளா இருக்கு, ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போடுங்கன்னுட்டாங்க. "காலையில ஒரு தடவை பார்த்துட்டுப் போடுங்கண்ணே"ன்னு அவரை நிறுத்தி, மறுநாள் வண்ண அட்டையோட ரெண்டு பேரும் வயல்ல இறங்கினோம். கோ 51 ரகம். பத்துல எட்டு இடம் 4 காட்டுச்சு. சாம்பல் அட்டை வச்சு எடுத்த படத்துலயும் மஞ்சள் இல்ல. அந்த மஞ்சள் வெயிலோடது. மூட்டையைப் பிரிக்கல.

படத்தை வெளிய அனுப்பும்போது எஸ்.ஆர்.ஜி.பி.யிலயே சேமிங்க. அடோபி ஆர்.ஜி.பி.யில அனுப்பினா சில செயலிகள் அதைச் சரியாப் படிக்காது, பச்சை சோகையாத் தெரியும். அதைப் பார்த்துட்டு மறுபடி ஏத்தத் தோணும். திரையோட வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைச்சு வச்சுப் பாருங்க.

இந்தப் பக்கம் ஏரிப் பாசன வயல் ஒவ்வொண்ணா பிளாட்டும் குடோனுமா மாறிட்டு வருது. நாளைக்கு எங்க பிள்ளைங்க இந்தப் படங்களைப் பார்த்துத்தான் இங்க நெல் எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சுக்கணும். அதனால நவரைப் பயிர் எந்தப் பச்சையில நின்னுச்சோ, அந்தப் பச்சையிலதான் அனுப்புவேன். அடுத்த தடவை வெளிறித் தெரிஞ்சா பொத்தானை நகர்த்தாதீங்க, எத்தனையாவது நாள் பயிருன்னு கேளுங்க. சொல்றேன்.